இலகுரக கேம்பிங் நாற்காலியை நமக்கேற்ப மாற்றுவது எப்படி: காலில் தொடங்கித் துணி வரை

இங்கே சொல்லப்போவது ஒரே வகை நாற்காலியைப் பற்றி. அலுமினியக் குழாய்கள், அவற்றைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு பிளாஸ்டிக் ஹப், குழாய்க்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறு, நான்கு மூலையிலும் உறை வைத்துத் தைத்த துணி இருக்கை. மடித்தால் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் அளவுக்குச் சுருங்கும், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். கொரியாவின் ஹெலினாக்ஸ் நிறுவனத்தின் சேர் ஒன் இந்த அமைப்பில் பலருக்கும் தெரிந்த மாடல், அதே மாதிரி இப்போது எல்லா விலையிலும் கிடைக்கிறது.

இந்த நாற்காலியில் எல்லோரும் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றுதான். மணலில் கால் புதைகிறது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை, கொஞ்ச நாளில் மூலை கிழிகிறது, போன் வைக்க இடமில்லை. நான்கையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். ஆனால் புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பையில் தொடங்கிக் காலில் முடிக்கிறார்கள், அப்புறம் காலை மாற்றியதும் சாய்மானம் மாறி, தைத்த பை இடுப்பில் இடிக்கிறது. அதனால் வரிசை முக்கியம். முதலில் சட்டகம், பிறகு கால், அதன் பிறகு துணி, கடைசியில்தான் பையும் மற்றதும்.

1. குறையை எழுதுங்கள், நாற்காலியை எடை போடுங்கள்

நாற்காலியை விரித்து, சமமான தரையில் வைத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். எது தொந்தரவு செய்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு மூன்று குறைக்கு மேல் பட்டியல் நீண்டால் அந்த நாற்காலி உங்களுக்கு ஒத்துவராத நாற்காலி என்று அர்த்தம், வேறு அளவில் வாங்குவதுதான் நல்லது.

அடுத்து சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் திரும்ப எடை போட வேண்டும். எடை குறைவு என்பதற்காகத்தான் இதற்கு இவ்வளவு விலை கொடுத்தோம், நான்கு டென்னிஸ் பந்து, ஒரு கனமான பை, ஒரு மெத்தை என்று சேர்த்தால் அரைக் கிலோ எளிதாகக் கூடிவிடும். மொத்தச் சேர்க்கை 200 கிராமைத் தாண்டக் கூடாது என்று நான் ஒரு எல்லை வைத்திருக்கிறேன். காரில் மட்டும் எடுத்துப்போகிறவர்கள் இதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

நாற்காலி எவ்வளவு எடை தாங்கும் என்று பையிலோ துணியின் ஓரச் சீட்டிலோ அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணையும் எழுதுங்கள். உங்கள் எடை அதற்கு மிக நெருக்கத்தில் இருந்தால், கீழே 6-ஆம் பகுதியில் வரும் உயரம் கூட்டும் வேலையைத் தொடவே வேண்டாம்.

2. கைவைக்கக் கூடாத இடங்கள்

வேலை தொடங்குமுன் இதைப் படித்துவிடுங்கள். இதில் தவறினால் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

குழாயில் துளை போடக் கூடாது. கப் ஹோல்டர் மாட்ட ஒரு சின்னத் துளைதானே என்று தோன்றும். சுவர் மெல்லிய குழாயில் சுமையின் இழுவிசை முழுக்க அந்தத் துளையின் ஓரத்தில் வந்து குவியும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். எதை மாட்டுவதானாலும் நாடாவும் வெல்க்ரோவும் போட்டுச் சுற்றிக் கட்டுங்கள்.

குழாயைச் சூடாக்கக் கூடாது. வளைந்த குழாயை கேஸ் அடுப்பில் காட்டி நிமிர்த்துவது, விரிசல் விட்டதை வெல்டிங் பட்டறையில் கொடுப்பது இரண்டுமே கெடுதல். நல்ல நாற்காலிகளில் வரும் குழாய் 7000 வரிசை அலுமினியக் கலவை, அதன் பலம் தொழிற்சாலையில் கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. தீயில் காட்டினால் அந்தப் பதம் போய்விடும். பார்க்க நேராக இருக்கும், உட்கார்ந்தால் மடங்கும். வளைந்த அல்லது கீறிய குழாயை மாற்றத்தான் வேண்டும்.

ஹப்பைக் குடையக் கூடாது, அராவக் கூடாது. குழாய் உள்ளே நுழைய இறுக்கமாக இருந்தால் அதற்குக் காரணம் மணலாகவோ, குழாய் நுனியில் உள்ள பிசிறாகவோ இருக்கும். ஹப்பின் துளையை ஒரு சுற்று பெரிதாக்கினால் கால் ஆடத் தொடங்கும், ஆடுகிற கால் துளையின் வாயை நெம்பி நெம்பி உடைக்கும்.

3. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

பாதி வேலையில் கடைக்கு ஓடினால் அவிழ்த்துப்போட்ட கயிறும் வாஷரும் எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். அதனால் முதலிலேயே வாங்கிவையுங்கள்.

சட்டகத்துக்கு 2.5 அல்லது 3 மி.மீ. எலாஸ்டிக் கயிறு, கட்டட வேலைக்கு விற்கும் மெல்லிய பைண்டிங் கம்பி, சில சின்ன வாஷர், 400 எண் எமரி தாள், இரண்டு பொருள் கலந்து ஒட்டும் எபாக்ஸி. கயிற்றை வாங்குமுன் பழைய கயிற்றின் ஒரு துண்டைக் கையோடு எடுத்துப்போங்கள், தடிமன் கூடினால் இணைப்புக்குள் போகாது. தையல்கடையில் விற்கும் பாவாடை எலாஸ்டிக் இதற்கு உதவாது, வெளியில் பின்னல் உறை போட்ட உருண்டைக் கயிறுதான் வேண்டும்.

காலுக்கு என்ன வேண்டும் என்பது நீங்கள் போகும் இடத்தைப் பொறுத்தது, 5-ஆம் பகுதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

துணிக்கு 600 டி (டெனியர், இழையின் தடிமனைச் சொல்லும் அளவு) பாலியஸ்டர் துணி அரை மீட்டர், 20 அல்லது 25 மி.மீ. நாடா இரண்டு மீட்டர், கெட்டியான பாலியஸ்டர் நூல், 16 அல்லது 18 எண் ஊசி, தையல் பிரிக்கும் கொக்கி. பை தைக்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், சென்னையில் என்றால் பாரிமுனைப் பக்கம் போனால் போதும். பருத்தி நூல் மட்டும் வேண்டவே வேண்டாம். வியர்வையும் பனியும் பட்டுப் பட்டு உள்ளேயே இற்றுப்போகும், வெளியில் தெரியாது.

4. சட்டகம்: சோதனை, பிறகு கயிறு

துணியைக் கழற்றிவிட்டு வெறும் சட்டகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முக்கியமாக மூன்று இடம். ஹப்பில் குழாய் நுழையும் வாய், அங்கே முடி அளவு வெள்ளைக் கோடு தெரிந்தால் பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது, இனி எந்த மாற்றமும் அந்த நாற்காலிக்குச் செய்ய வேண்டாம். அடுத்து குழாயும் குழாயும் சேரும் இடம், ஒரு குழாயின் வாய் மணி போல் விரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூன்றாவது, ஒரு குழாயிலிருந்து நீண்டு அடுத்த குழாய்க்குள் போகும் இணைப்புத் துண்டு. அதன் ஒரு பக்கம் குழாயோடு ஒட்டியிருக்க வேண்டும். இழுத்தால் வெளியே வருகிறது என்றால் உள்ளே எமரி தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, எபாக்ஸி வைத்து ஒருநாள் முழுக்க விடுங்கள். ஒட்ட வேண்டிய பக்கத்தைத் தவிர வேறெங்கும் எமரி படக் கூடாது, குழாயின் மேல் உள்ள வண்ணப் பூச்சுதான் உப்புக்காற்றிலிருந்து அதைக் காப்பாற்றுகிறது.

இப்போது எலாஸ்டிக் கயிறு. குழாய்களைத் தூக்கி உதறினால் தானாகப் போய் இணைய வேண்டும், தொங்கிக்கொண்டு நின்றால் கயிறு தளர்ந்துவிட்டது. இதைக் காலுக்கும் துணிக்கும் முன்னால் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கயிறு தளர்ந்த சட்டகத்தில் ஏதாவது ஒரு குழாய் முழுதாக உள்ளே போகாமல் அரை விரல் வெளியே நிற்கும், நாம் கவனிக்காமல் உட்காருவோம், சுமை முழுவதும் இணைப்பின் நுனியில் இறங்கிக் குழாயின் வாய் கிழியும். பலமுறை நான் பார்த்த உடைசல் இதுதான். பார்க்கிறவர்கள் குழாய் மட்டமானது என்று நினைத்துக்கொள்வார்கள்.

கயிற்றின் முனை பெரும்பாலும் காலின் ரப்பர் மூடிக்குள்ளேயோ, மேல் குழாயின் நுனி மூடிக்குள்ளேயோ முடிச்சும் வாஷருமாக இருக்கும். மூடியை இழுத்துக் கழற்றுங்கள், வராவிட்டால் வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்தால் ரப்பர் இளகும். சில மாடலில் மறுமுனை ஹப்புக்குள் திருகாணி போட்ட மூடிக்குப் பின்னால் இருக்கும். திருகாணி இல்லாமல் அழுத்தி மூடிய ஹப் என்றால் நெம்பித் திறக்க முயலாதீர்கள், ஹப்பின் வெளியே தெரியும் பழைய கயிற்றோடு புதுக் கயிற்றைக் கட்டிவிடலாம், முடிச்சு குழாய்க்குள் அடங்கினால் போதும்.

ஒரு நேரத்தில் ஒரு கயிறு மட்டும். எல்லாவற்றையும் அவிழ்த்துப் பரப்பினால் எந்தக் குழாய் எங்கே என்று குழம்பும், முன்னும் பின்னும் நீளம் வேறு வேறு. அவிழ்க்குமுன் போனில் ஒரு படம், குழாய்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதுவது, இரண்டும் செய்யுங்கள்.

புதுக் கயிற்றின் நீளம்: அந்தக் கயிறு ஓடும் பாதை முழுவதையும் குழாய்களைப் பொருத்திய நிலையில் அளந்து, அதில் முக்காலை எடுங்கள். 60 செ.மீ. பாதைக்கு 45 செ.மீ., முடிச்சுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 8 செ.மீ. தனியாக. பழைய கயிற்றைப் பக்கத்தில் வைத்து வெட்டக் கூடாது, அது ஏற்கெனவே நீண்டுபோன கயிறு.

பைண்டிங் கம்பியின் முனையைச் சின்னக் கொக்கியாக வளைத்து, அதில் கயிற்றைக் கோத்து, இணைப்பின்மேல் செல்லோடேப்பை ஒரு சுற்று சுற்றிக் குழாய்க்குள் இழுங்கள். மறுபக்கம் வந்ததும் வாஷரைக் கோத்து, முதலில் தற்காலிக முடிச்சு போட்டு, பொருத்தியும் மடித்தும் பாருங்கள். பொருத்தும்போது உதறினால் சேர வேண்டும், மடிக்கும்போது கையை வலிக்க இழுக்கக் கூடாது. மடிப்பதுதான் உண்மையான சோதனை, ஏனென்றால் மடித்த நிலையில்தான் கயிறு அதிகம் நீளும், நாற்காலி வருடத்தில் பெரும்பகுதி மடித்தேதான் கிடக்கும். அதிக இறுக்கத்தில் மடித்துவைத்தால் சீக்கிரமே ரப்பர் செத்துவிடும். சரியாக வந்ததும் எட்டு வடிவ முடிச்சு போட்டு, வால் 2 செ.மீ. விட்டு வெட்டி, முனையை நெருப்பில் ஒரு நொடி காட்டி அடைத்துவிடுங்கள்.

5. கால்: எந்தத் தரைக்கு எது

ஒரே பாதம் எல்லாத் தரைக்கும் ஒத்துவராது. மணல், ஈர மண், பாறை மூன்றுக்கும் மூன்று வழி.

முதலில் கணக்கைப் பாருங்கள். காலின் நுனி சுமார் 2 செ.மீ. விட்டம், அதாவது ஏறக்குறைய 3 சதுர செ.மீ. பரப்பு. 70 கிலோ ஆள் உட்கார்ந்து, சுமை நான்கு காலுக்கும் சமமாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு சதுர செ.மீ.க்கு ஐந்தரை கிலோவுக்கு மேல் அழுத்தம். கடற்கரை மணல் அதைத் தாங்காது. ஒரு டென்னிஸ் பந்து பாதி புதைந்தால் சுமார் 33 சதுர செ.மீ., அழுத்தம் அரைக் கிலோவுக்கு இறங்கிவிடும். அதனால்தான் பந்து வேலை செய்கிறது.

பிளாஸ்டிக் மூடியையோ தட்டையான வட்டத் தகட்டையோ ஒட்டினால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். இந்த நாற்காலியின் கால் செங்குத்தாக இறங்குவதில்லை, வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. தட்டையான பாதம் ஓரத்தில் மட்டும் மண்ணைத் தொடும், சுமை ஏறியதும் ஒட்டிய இடத்தில் பிய்த்துக்கொண்டு கழன்றுவிடும். பந்து எந்தக் கோணத்தில் வைத்தாலும் ஒரே மாதிரிதான் தொடும்.

பந்து போடுகிறவர்களுக்கு: தெருக் கிரிக்கெட்டுக்கு விற்கும் கனமான டென்னிஸ் பந்து வாங்குங்கள், அதன் ரப்பர் தடிமன், சீக்கிரம் ஓட்டை விழாது. பந்தை வைஸில் பிடித்து, முதலில் கத்தி நுனியால் ஒரு குத்து குத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு கூட்டல் குறி வடிவில் வெட்டுங்கள். கையில் பிடித்துக்கொண்டு வெட்டவே கூடாது, பந்து உருண்டால் கத்தி உள்ளங்கையில்தான் போகும். வெட்டின் நீளம் காலின் விட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும், இறுக்கமாக நுழைந்தால்தான் பிடிக்கும். உள்ளே அடியில் 25 மி.மீ. அளவில் ஒரு வாஷர் அல்லது தடித்த ரப்பர் துண்டு போடுங்கள், இல்லாவிட்டால் காலின் நுனி பந்தின் அடியைத் துளைத்துக்கொண்டு இறங்கும். கடைசியாக ஒரு சின்னக் கயிற்றைப் பந்தில் கோத்துக் காலில் கட்டுங்கள். ஈர மணல் பந்தைக் கவ்விக்கொள்ளும், நாற்காலியைத் தூக்கும்போது பந்து உள்ளேயே நின்றுவிடும்.

எடைதான் பந்தின் குறை. விதிப்படி ஒரு டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம், நான்குக்கு 230 கிராம் ஆகிறது, கிரிக்கெட்டுக்கு விற்கும் கனமான பந்து இன்னும் கூடும். நான் வைத்திருக்கும் எல்லையை அது ஒன்றே தாண்டிவிடும். அதனால் முதுகில் சுமந்து போகிறவர்களுக்கு நான் சொல்வது தரைவிரிப்புதான்.

தரைவிரிப்பு என்பது நான்கு மூலையிலும் காலை நுழைக்கும் உறை வைத்துத் தைத்த ஒரு சதுரத் துணி. கால் எதுவும் தனியாகப் புதையாது, இன்னொரு நன்மையாகக் கால்கள் வெளியே விரிந்து போவதையும் அது தடுக்கிறது. நான்கு பந்தின் எடையில் ஏறக்குறைய பாதியில் முடிந்துவிடும், மடித்தால் சட்டைப் பையில் அடங்கும்.

அளவெடுக்கும் முறையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வெறும் நாற்காலியை வைத்து அளக்கக் கூடாது. ஒரு பெரிய அட்டைமேல் நாற்காலியை வைத்து, யாரையாவது உட்காரச் சொல்லி, அந்த நிலையில் நான்கு காலையும் சுற்றிப் பென்சிலால் குறியுங்கள். உட்கார்ந்ததும் கால் ஒவ்வொன்றும் கொஞ்சம் வெளியே நகரும். வெறும் நாற்காலியின் அளவில் தைத்த விரிப்பு உட்கார்ந்ததும் கால்களை உள்ளே இழுத்துப் பிடிக்கும், அந்த இழுவை ஹப்பில் போய் முடியும். குறித்த பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். அவை சமமாக இல்லாவிட்டால் நாற்காலி கோணலாக நின்றிருந்தது, திரும்பக் குறியுங்கள். முன் கால்களின் இடைவெளியும் பின் கால்களின் இடைவெளியும் வேறாக இருக்கலாம், அது பரவாயில்லை, விரிப்பில் எது முன்பக்கம் என்று வண்ண நூலால் அடையாளம் வைத்துவிடுங்கள்.

நான்கு மூலையையும் குறுக்காக இணைத்து விரிப்பின் அடியில் நாடா தையுங்கள், இழுவையைத் தாங்குவது துணியல்ல, நாடாதான். உறைகளின் அடியில் இரட்டைத் துணி.

பாறை, சிமென்ட் தரை, மொட்டை மாடி இவற்றுக்குப் பந்தும் வேண்டாம், விரிப்பும் வேண்டாம். பெரியவர்களின் ஊன்றுகோல் அடியில் மாட்டும் ரப்பர் புஷ் மருந்துக்கடைகளிலும் மருத்துவ உபகரணக் கடைகளிலும் கிடைக்கும். காலின் விட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு போய், அதற்குச் சரியான புஷ் வாங்கி மாட்டினால் வழுக்காது. உள்ளே கொஞ்சம் தளர்வாக இருந்தால் காலில் பழைய சைக்கிள் டியூப்பை ஒரு சுற்று சுற்றுங்கள்.

6. உயரம்: இதில் பேராசை வேண்டாம்

சேர் ஒன் வகை நாற்காலியில் இருக்கை தரையிலிருந்து சுமார் 35 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும், துணி தொய்வதால் உண்மையில் இன்னும் கீழே. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எழுவது சிரமம்தான். உடனே எல்லோருக்கும் தோன்றுவது காலில் குழாய் செருகி நீட்டுவது.

காலை நீட்டினால் ஹப்பின் வாயில் விழும் நெம்புவிசை அதே விகிதத்தில் கூடும். 30 செ.மீ. கால் 36 செ.மீ. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஹப்பைச் செய்தவர்கள் அதை எதிர்பார்த்துச் செய்யவில்லை. அதனால் நான் முதலில் சொல்லும் வழி வேறு: இருக்கைமேல் 2 செ.மீ. கெட்டியான மூடுசெல் ஃபோம், அதாவது தரையில் விரிக்கும் யோகா பாய் வகை, இருக்கை அளவுக்கு வெட்டிப் போடுங்கள். உயரமும் கிடைக்கும், துணி நடுவில் குழியாவதும் குறையும், முதுகுக்குக் கீழிருந்து வரும் குளிரும் நிற்கும். ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ இரவில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும்.

அடுத்த வழி, பின் கால் இரண்டுக்கும் மட்டும் 2 செ.மீ. உயர்ந்த ரப்பர் புஷ். இருக்கை இரண்டு டிகிரி அளவுக்கு முன்னால் சாயும், எழும்போது பின்னால் இழுக்கும் உணர்வு நன்றாகக் குறையும். இதற்கு மேல் உயர்த்தினால் எழும்போது நாற்காலி முன்பக்கம் கவிழப் பார்க்கும்.

இவ்வளவும் போதவில்லை, காலை நீட்டியே ஆக வேண்டும் என்றால் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். நீட்டும் குழாய் காலின்மேல் குறைந்தது 5 செ.மீ. ஏறி உட்கார வேண்டும், நான்கும் மில்லிமீட்டர் மாறாமல் ஒரே நீளம், கூடவே மேலே சொன்ன தரைவிரிப்பையும் கட்டாயம் போட வேண்டும். விரிப்பு கால்களை விரியவிடாமல் பிடித்தால் ஹப்பின் சுமை குறையும். பெரியவர்களுக்கு என்றால் இந்த வேலையைச் செய்வதைவிட உயரமான மாடலை வாங்கித் தருவதுதான் சரி, கீழே விழுந்தால் அவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

7. துணியின் மூலைகள்

கால் முடிந்த பிறகுதான் துணி. சாய்மானம் இப்போது நிலைத்துவிட்டது, இனி எங்கே எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும்.

துணி நடுவில் கிழிவது அபூர்வம். மூலை உறையின் உட்பக்கத்தில் குழாய் நுனி உரசி உரசித் தேய்ந்து ஓட்டையாகும், அல்லது உறையைப் பிடித்திருக்கும் தையல் விடும். உறைக்குள் விரலை விட்டுப் பாருங்கள், துணி மெல்லிசாகத் தட்டுப்பட்டால் கிழியும்வரை காத்திருக்க வேண்டாம்.

உறையின் ஒரு பக்கத் தையலை மட்டும் பிரியுங்கள். பிளேடு வேண்டாம், கொக்கியால் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்து உருவினால் துணியில் வெட்டு விழாது. நுனி படும் இடத்தில் நாடாவை இரண்டாக மடித்து வைத்துத் தையுங்கள், பழைய தோல் பை இருந்தால் அதில் வெட்டிய தோல் இன்னும் நல்லது. நாடாவின் வெட்டுமுனையை நெருப்பில் காட்டி உருக்கி அடைக்க மறக்காதீர்கள்.

மூடும்போது பழைய ஊசித் துளைகளின்மேலேயே தைக்கக் கூடாது, அதற்கு 3 மி.மீ. உள்ளே புதுக் கோடு போடுங்கள். இரண்டு மூன்று முறை தைத்த துளைகள் வரிசையாக நின்றால் துணி அந்தக் கோட்டில் தபால்தலை போலக் கிழியும். அதே காரணத்துக்காகத் தையல் நெருக்கமாகவும் இருக்கக் கூடாது, 3 முதல் 4 மி.மீ. நீளம் சரி. நாடா சேரும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டால் இழுவை பரவும்.

வீட்டு மெஷினில் நான்கு அடுக்கு வரை போகும், மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் திருப்பித் தையுங்கள். அதற்கும் மேல் என்றால் பை ரிப்பேர் செய்யும் கடையில் கொடுத்துவிடலாம். ஆனால் நூலை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், எங்கே கோடு போட வேண்டும் என்று சாக்பீஸால் வரைந்தும் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் பழைய துளையிலேயே தைத்துத் தருவார்கள்.

மூலையைப் பிரித்திருக்கும்போதே இன்னொரு வேலையும் முடித்துவிடலாம். முன்பக்க மூலை இரண்டிலும் 10 செ.மீ. நாடாவை வளையமாக மடித்து வெளியே நீட்டித் தைத்துவிடுங்கள். துணி மாட்டும்போது கடைசி மூலையை இழுப்பதுதான் கஷ்டம், எல்லோரும் துணியின் ஓரத்தையே பிடித்து இழுக்கிறார்கள், தையல் அங்கேதான் விடுகிறது. வளையம் இருந்தால் விரலைக் கோத்து இழுக்கலாம். நான் செய்யும் மாற்றங்களில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் பயன் தருவது இதுதான். மாட்டும் வரிசை, முதலில் முதுகுப்பக்க மூலை இரண்டும், பிறகு முன்பக்கம்.

துணி முழுவதுமே போய்விட்டது, புதிதாகத் தைக்க வேண்டும் என்றால் பழைய துணியைத் தையல் பிரித்துத் துண்டு துண்டாக்கி, இஸ்திரி போடாமல் தட்டையாக விரித்து அதன்மேல் வரையுங்கள். சட்டகத்தின் அளவை எடுத்து வரைந்தால் துணி தளர்ந்துபோகும், ஏனென்றால் இருக்கை எப்போதும் சட்டகத்தைவிடச் சின்னதாக வெட்டப்பட்டு இழுத்து மாட்டப்படுவது. துணியின் நெசவு பழைய துண்டில் எந்தத் திசையில் ஓடியதோ அதே திசையில் வெட்டுங்கள், சாய்வாக வெட்டினால் உட்கார உட்கார ஒரு பக்கம் நீளும். நைலானைவிடப் பாலியஸ்டர் நல்லது. நைலான் பனியில் நனைந்தால் தளரும், காலையில் இருக்கை தரையைத் தொடுவது போல் தொங்கும்.

8. பையும் தலைச் சாய்மானமும்

இது எளிது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

பக்கவாட்டுப் பையை இருக்கைத் துணியில் நேராகத் தைக்காதீர்கள், இழுவையில் இருக்கும் துணியில் போடும் ஒவ்வொரு துளையும் ஒரு பலவீனம். இருக்கையின் ஓரப் பட்டியில் இரண்டு சின்ன வளையம் மட்டும் தைத்து, பையை அதில் கொக்கியால் தொங்கவிடுங்கள். துவைக்கக் கழற்றலாம், எடை கூட வேண்டாத பயணத்தில் விட்டுவிட்டுப் போகலாம். உட்கார்ந்துகொண்டு கையைத் தொங்கவிட்டு, விரல் எங்கே படுகிறதோ அங்கே பையின் வாய் வர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டால் எழுந்ததும் நாற்காலி அந்தப் பக்கம் கவிழும், பாட்டிலைப் பின்பக்கம் நடுவில் தொங்கவிடுவது மேல்.

தலைக்கு: முதுகின் மேல் ஓரத்தில் ஒரு துணி உறை தொங்கவிட்டு, அதற்குள் ஜாக்கெட்டைச் சுருட்டி வைத்தால் போதும், தனித் தலையணையின் எடை மிச்சம். குழாயை மேலே நீட்டித் தலைக்கு உயர்த்தும் முயற்சி வேண்டாம், தலையைச் சாய்த்ததும் நாற்காலியின் சமநிலை பின்னால் போய்விடும்.

9. சுமை வைத்துப் பாருங்கள்

எல்லாம் முடிந்ததும் நேராக உட்கார்ந்துவிடாதீர்கள். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றை மெதுவாக வைத்து, ஹப், இணைப்பு, மூலை மூன்றையும் காதைக் கொடுத்துக் கேளுங்கள், கண்ணாலும் பாருங்கள். அடுத்து இரண்டாவது மூட்டை. அரை மணி நேரம் விட்டுவிட்டு இறக்கி, மூலைத் தையல் வாய் பிளந்திருக்கிறதா, காலின் புஷ் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் புல்தரையிலோ கனமான பாய்மேலோ நாற்காலியை வைத்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றியபடி மெதுவாக உட்காருங்கள். பொத்தென்று விழுந்து உட்காரும்போது சட்டகத்தில் இறங்கும் சுமை உங்கள் எடையைவிட மிக அதிகம், முதல் முறையே அதைச் சோதிக்க வேண்டாம். குழந்தைகள் ஏறிக் குதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்திலிருந்து வந்ததும் துணியைக் கழற்றி, குழாய் இணைப்புகளை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து, தையல்களை மறுபடி ஒருமுறை பாருங்கள். கடற்கரைக்குப் போய்வந்திருந்தால் இது கட்டாயம். எண்ணெய் மட்டும் போட வேண்டாம், அடுத்த முறை மணல் அதில் ஒட்டிக்கொண்டு இணைப்புகளை அரைத்துவிடும். ஒரு மூலையில் ஓரிரு தையல் விட்டிருந்தால் அன்றே பிரித்துத் திரும்பத் தைத்துவிடுங்கள், மற்ற மூன்று மூலையையும் அந்தப் பார்வையோடு சோதியுங்கள், ஏனென்றால் நான்குமே ஒரே நாளில் ஒரே நூலில் தைத்தவை.